வாய் திறவாமல் சொன்ன சொல்

நுணலும் தன் வாயால் கெடும் என்பது பழமொழி. நுணல் வாயைத் திறந்து கெட்டது. வாயை மூடிக்கொண்டே கெடுவதற்கும் வழி உண்டு என்பதைத் தாராவியில் ஒருவன் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

ஹமீது பாயின் தோல்பைப் பட்டறையில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்த தமிழ்செல்வன், செம்பூரில் இருக்கும் பெரிய கம்பெனிக்கு மாறியிருந்தான். சோறு போட்ட இடத்தை விட்டு ஒருவன் போகலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: தாராளமாகப் போகலாம். கால் இருக்கிறவன் நடப்பான். எதை எடுத்துக்கொண்டு நடக்கிறான் என்பதே கேள்வி.

தோல்பைகளின் ஓரங்களுக்குச் சாயம் பூசுவது அவனுடைய தொழில். பையை வாங்குபவரின் கண் முதலில் பூட்டின்மேல் விழும். விரல் முதலில் ஓரத்தைத்தான் தடவும். ஓரம் உரிந்தால் கப்பல் ஏறிய பை கப்பலிலேயே திரும்பி வரும்.

விடைபெற்ற நாளில் ஹமீது பாய் எந்தத் தாளையும் நீட்டவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை.

"போற எடத்துல வாயை மட்டும் தொறக்காதலே" என்றார்.

"தொறக்க மாட்டேன் பாய்" என்றான் இவன்.

அவ்வளவே ஒப்பந்தம். அதை அவன் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினான். வந்த வினை அத்தனையும் அதிலிருந்து வந்ததுதான்.

செம்பூரில் சேர்ந்து சில மாதங்கள் கழித்து, ஒரு நாள் முற்பகலில், உற்பத்தி மேலாளர் பிரம்மநாயகம் அவனைத் தம் அறைக்கு அழைத்து, பேடாப் பெட்டியைத் திறந்து நீட்டினார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர் அவர். அந்தக் கம்பெனியின் மேல்மட்டத்தில் தமிழ் அறிந்த ஒரே மனிதர்.

"எடுத்துக்கோங்க தமிழ். இது உங்களாலதான்."

"என்ன சார் விசேஷம்?"

"ஹாம்பர்க் பார்ட்டி நம்ம பக்கம் சாய்ஞ்சிட்டாங்க. சாம்பிள் பாஸ். இத்தனை வருஷமா தாராவியில ஒரு பாய்கிட்டதான் எடுத்துட்டிருந்தாங்களாம்."

‘ஒரு பாய்’ என்று எவ்வளவு அழகாகச் சொன்னார்! அந்த ஒரு பாய் யார் என்பது அவருக்கும் தெரியும், எதிரில் நின்றவனுக்கும் தெரியும். தமிழ்செல்வன் வாயருகே கொண்டுபோன பேடாவைக் கைக்குட்டையில் பொதிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"வீட்டுக்கா? கொண்டு போங்க, கொண்டு போங்க" என்றார் பிரம்மநாயகம் பெருந்தன்மையோடு.

மழை தொடங்கிய நாள்களில், இதே கட்டடத்தில் நடந்த ஒரு கூட்டம் தமிழ்செல்வனுக்கு நினைவு வந்தது. அந்த ஹாம்பர்க் வாடிக்கையாளர், நெடி அடிக்காத தண்ணீர்ச் சாயம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர். மும்பை மழையில் தண்ணீர்ச் சாயம் உலராது. எனவே சுடுகாற்றை ஊதி உலர்த்தும் ஓர் இயந்திரத்தை வாங்கிவிடலாம் என்று கம்பெனி முதலாளி சேட்டு முடிவு செய்து, பேனாவையும் கையில் எடுத்துவிட்டார். அப்போது பிரம்மநாயகம் மேசைக்கு அப்பாலிருந்து தமிழில் கேட்டார்:

"சூடு காட்டினா சரியாயிடும் இல்லையா தமிழ்?"

தமிழ்செல்வனின் கண்முன் ஹமீது பாயின் பட்டறை வந்து நின்றது. முந்தைய ஆண்டு மழை முழுவதும் அங்கே அதைத்தானே செய்து பார்த்தார்கள்! சூடு காட்டிய ஓரம் அன்றைக்குக் கண்ணாடிபோல் மின்னும். மேலே உலர்ந்து, அடியில் ஈரம் நிற்கும். பெட்டிக்குள் போய்ப் படுத்துப் பயணம் செய்த பிறகு, பாம்பு சட்டையைக் கழற்றுவதுபோல் சாயம் தன்னைக் கழற்றிப் போட்டுவிடும். அந்த உண்மையைத் தெரிந்துகொள்ள ஹமீது பாய் ஒரு மழைக்காலத்தையே விலையாகக் கொடுத்தார். திரும்பி வந்த பைகளின் நடுவே அவர் உட்கார்ந்திருந்த காட்சியை இவன் மறக்கவில்லை.

வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தவன் திறக்கவில்லை. இதழ்களை இறுக்கி மூடிக்கொண்டு, "ம்ஹூம்" என்றான்.

மேசையின் இந்தப் பக்கத்தில் அது வெறும் ஒலி. பிரம்மநாயகம் சேட்டுக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது எழுவாயும் பயனிலையும் பொருந்திய முழு வாக்கியமாகிவிட்டது. சேட்டு பேனாவை மூடினார். சூட்டை விட்டுவிட்டு, குளிர்ந்த உலர்காற்று அறை ஒன்றை அமைத்தார்கள். பாய்க்கு ஒரு மழைக்காலம் பிடித்த பாடம் இவர்களுக்கு ஒரே மூச்சில் கைவந்தது.

‘மகரம் இரண்டு இதழும் பொருந்தினால்தான் பிறக்கும். ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை.’ இப்படி ஓர் இலக்கணத்தை அவன் தனக்குத் தானே வகுத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் அவன் மனத்தில் தங்கிய இலக்கணம் அது ஒன்றுதான். அதையும் தப்பான காரியத்துக்குப் பயன்படுத்தினான்.

"இன்னும் ஒரு சின்னப் பிரச்சினை இருக்கு" என்றார் பிரம்மநாயகம், விரல்நுனியில் ஒட்டிய பேடாவைத் துடைத்தபடி. "கைப்பிடி வளையிற எடத்துல சாயம் வெடிச்சு கோடு விழுது. ஒரு வாரம் டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள சரி பண்ணலைன்னா ஆர்டர் பழைய எடத்துக்கே திரும்பிடும். உங்க பழைய எடத்துல கோடு விழறதில்லை, இல்லையா?"

தமிழ்செல்வன் சுவரைப் பார்த்தான்.

"சேச்சே, நீங்க எதையும் சொல்ல வேண்டாம்! உங்க மனசாட்சி எனக்குத் தெரியும். என்கிட்ட நாலஞ்சு ஐடியா இருக்கு. ஒண்ணொண்ணா கேக்கறேன். ம்ஹூம் வந்தா தள்ளிடறேன். நீங்க வாயைத் திறக்கவே வேண்டாம்."

திருட்டில் எத்தனையோ வகை உண்டு. ஒரு மனிதனையே சல்லடையாக்கி, அவனைக் கொண்டே அவனுக்கு உப்பிட்ட வீட்டைச் சலித்தெடுக்கும் இந்த வகைக்கு நம் முன்னோர் பெயர் வைக்காமல் போனார்கள். அவர்கள் காலத்தில் மேலாளர்கள் இல்லை.

அறையை விட்டு வெளியே வந்தபோது கைப்பேசி ஒலித்தது. அக்கா பானுமதி.

"என்னலே, வேலையா இருக்கியா?"

"சொல்லுக்கா."

"ஒண்ணுமில்ல. மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வந்துட்டேன். கொழம்பு சூடு பண்ணுனேன். ஒனக்கும் எடுத்து வைக்கட்டான்னு கேக்கத்தான்."

பானுமதி மதியச் சோற்றுக்கு வீட்டுக்கு வரும் வழக்கம் கிடையாது.

"என்னக்கா ஆச்சு?"

"சாவிய வாங்கிட்டாவ."

கணவன் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள் பானுமதி. அவளை ஹமீது பாயின் பட்டறையில் சேர்த்துவிட்டவன் தமிழ்செல்வனே. பட்டறையின் உள்ளறையில், கதவைப் பூட்டிக்கொண்டு, கைப்பிடிகளுக்கு முதல் பூச்சுப் பூசுகிறவள் அவள் ஒருத்திதான். அந்தப் பூச்சில் என்ன இருக்கிறது என்பது மூன்று பேருக்குத் தெரியும்: பாய், பானுமதி, தமிழ்செல்வன். பாயின் மகன் ஷகீலுக்குக்கூடத் தெரியாது. அந்த அறைச் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும்.

"யாரு வாங்குனா?"

"ஷகீலுதான். பாய் பாத்துக்கிட்டேதான் இருந்தாவ. ‘கொஞ்ச நாளைக்கு வெளிய ஒக்காந்து பை தொடைங்கக்கா’ன்னான். தொடைக்க துணியையும் அவனே எடுத்துத் தந்தான். மரியாதையான பையன்லா!"

"எதுக்குன்னு கேக்கலையா?"

"கேட்டு? ‘ஒங்க தம்பி அங்க இருக்கான், நீங்க இங்க இருக்கீங்க’ன்னு சொல்ல வைக்கணுமா? அதான் கேக்கல. கொழம்பு எடுத்து வைக்கட்டா, வேண்டாமா?"

அரை நாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு கிளம்பினான். குர்லாவில் வண்டி மாறும்போது நெரிசலில் யாரோ மார்பில் இடிக்க, சட்டைப் பைக்குள் பேடா நசுங்கியது. எடுத்து எறிய அவனுக்குக் கை வரவில்லை. தின்னவும் வாய் வரவில்லை.

மாட்டுங்காவில் வாழையிலைக் கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது, அவன் மனைவி கலைச்செல்வி தட்டச்சு செய்யும் வக்கீல் அலுவலகம். கணவனைக் கண்டதும் படியிறங்கி வந்தாள்.

"என்ன இந்நேரத்துல? லீவா, இல்ல அனுப்பிட்டாங்களா?"

கடை ஓரமாக நின்று நடந்ததைச் சொன்னான். ம்ஹூமையும் சொன்னான். யாரிடமும் சொல்லாததை முதன்முதலாகச் சொல்லும்போது அது இன்னும் பெரிதாக ஒலித்தது.

கலைச்செல்வி கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"நீங்க கம்பெனி மாறுனது தப்பில்ல. ‘இனிமே எவன்ட்டயும் இந்த வேலை பாக்கக் கூடாது’ன்னு பாய் ஸ்டாம்ப் பேப்பர்லயே எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது. ஒப்பந்தச் சட்டத்துல இருபத்தேழாம் பிரிவு. எத்தனை தடவை டைப் அடிச்சிருப்பேன்!"

"அப்பம் தப்பில்லங்கியா?"

"முழுசாக் கேளுங்க. ஒங்க கை ஒங்களுது. பிரஷ் புடிக்கது, ஒரே இழுப்புல பூசுறது, அந்தத் தொழில எங்க வேணாலும் கொண்டு போலாம். ஆனா பாய் ஒங்கள நம்பி ஒங்க முன்னால வச்சுத் தோத்தாங்கள்லா, அந்தத் தோல்வி அவங்களுது. அதக் கொண்டு போக ஒங்களுக்கு உரிமை இல்ல. கையெழுத்தே இல்லைன்னாலும், நம்பிச் சொன்னத வெளிய விட்டுட்டான்னு கேஸ் போடலாம்."

"எப்படிச் செய்யணும்னு நான் சொல்லலையே கலை. எது ஆகாதுன்னுதான…"

"அவங்க ஒரு மழைக்காலம் கஷ்டப்பட்டது, இவங்களுக்கு ஒரு நிமிஷத்துல முடிஞ்சிட்டு. அதுக்கு வெலை கெடையாதா?"

"வாயவே தொறக்கலட்டீ! ம்ஹூம்னேன். அது ஒரு வார்த்தையா?"

"பேச முடியாத சாட்சி கோர்ட்டுல சைகை காட்டுனா, அதையே வாக்குமூலம்னு எழுதிக்குவாங்க. தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது. செய்யாதே என்பதும் ஏவல்தான்; ஆகாது என்பதும் அறிவுதான்; எதிர்மறை வினையும் வினைதான். இதற்கு வக்கீல் அலுவலகம் வரை வந்திருக்க வேண்டியதில்லை. அவன் எடுத்துக்கொண்ட இலக்கணத்துக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டிப் படித்திருந்தாலே போதும்.

"இப்பம் என்ன செய்ய?"

"பாய்கிட்டப் போனா எதையும் ஒத்துக்காதீங்க. ஷகீல் பக்கத்துலயே இருப்பான். ஒத்துக்கிட்டா அங்க கேஸ், இங்க வேலை போயிரும். எங்க சார்ட்ட கேக்கற வரைக்கும் வாயைத் தொறக்காதீங்க."

"எல்லாரும் இதையேதான் சொல்லுதீங்க" என்றான் தமிழ்செல்வன்.

கலைச்செல்வி படியேறத் திரும்பியவள் நின்றாள். வாழையிலைக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"ஆனா நீங்க வாயைத் தொறக்கலைன்னா மதினிதான் திருடி."

மேலே போய்விட்டாள். ஒரு பக்கம் சட்டம், மறுபக்கம் நாத்தனார். இரண்டையும் அவள் கணவன் தலையிலேயே வைத்துவிட்டுப் போனாள் என்று குறை சொல்வது எளிது. அவற்றை அங்கே கொண்டுவந்து வைத்தவன் அவனே.

தாராவிக்கு நடந்தே போனான். வீட்டு வாசலில் குந்தியிருந்து பானுமதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கொழம்பு ஆறிப் போச்சுலே" என்றாள். அவன் சட்டைப் பையில் எண்ணெய்க் கறை படர்ந்திருப்பதைக் கண்டு கைக்குட்டையை உருவினாள். "என்னது, பேடாவா? இப்படியா நசுக்குவ!"

"அக்கா, அத…"

அதற்குள் ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டாள்.

"நல்லாருக்கு. யாரு குடுத்தா?"

தன்னுடைய சாவியைப் பறித்த இனிப்பை அக்கா சப்புக்கொட்டித் தின்பதைப் பார்த்துக்கொண்டு நின்றான். நரகம் என்று தனியாக ஓர் இடம் தேவையில்லை.

"கம்பெனில ஏதோ ஆர்டர் கெடச்சிருக்கு" என்றான் கடைசியில்.

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. மீதியைக் கைக்குட்டையிலேயே வைத்து மடித்தாள்.

"என்னலே சொன்ன அங்க?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"சொல்லிருக்க மாட்ட. சின்னப்புள்ளையில கசாயம் கொண்டு வந்தா ரெண்டு ஒதட்டையும் பூட்டிக்கிட்டு ‘ம்ஹூம், ம்ஹூம்’ம்ப. அம்மா ஒன் மூக்கப் புடிச்சாத்தான் வாய் தொறக்கும்." கீரைத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். "வா, போவோம். இன்னைக்கு மூக்கப் புடிக்க ஆளு அங்க இருக்காவ."

பட்டறையில் தையல் இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. மாலைத் தேநீருக்கு ஆட்கள் கீழே இறங்கியிருந்தார்கள். ஹமீது பாய் தாழ்ந்த மேசைக்குப் பின்னால் அமர்ந்து, மடியில் ஒரு பையை வைத்துக் கட்டைவிரலால் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அது செம்பூர்க் கம்பெனியின் மாதிரிப் பை. ஷகீல் அதை எங்கிருந்தோ கொண்டு வந்திருந்தான். எப்படிக் கொண்டுவந்தான் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். அன்று அதைக் கேட்கும் தகுதி உள்ளவர் யாரும் அங்கே இல்லை.

"நல்லாத்தான் பூசிருக்கான்" என்றார் பாய், தலையை நிமிர்த்தாமலே. "சூடு காட்டல பாத்தியா? எடுத்த எடுப்புலயே காட்டாம விட்டிருக்கான். எப்படித்தான் தெரிஞ்சுதோ."

"அதான் வாப்பா நானும் சொல்றேன்" என்றான் ஷகீல். மேலாண்மை படித்தவன், கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தான். "அந்தர் ஸே கயா ஹை. உள்ள இருந்துதான் போயிருக்கு. இவன் மட்டும்னா, இவன் போனப்பவே ரகசியமும் போயிருக்கணும். இப்ப போகுதுன்னா, இப்ப உள்ள இருக்கிற ஆளுதான்."

அவன் பானுமதியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதே மரியாதை என்று நினைத்துக்கொண்டான்.

"நீ சும்மா இரு" என்ற பாய், பையை மேசைமேல் வைத்தார். "லே தமிழு, ஒரே கேள்விதான். அங்க போயி வாயத் தொறந்தியா?"

வழியெல்லாம் மனத்துக்குள் அடுக்கி வந்த வாக்கியங்கள் கலைந்தன. ஒரு பக்கம் மனைவியின் எச்சரிக்கை. ஒரு பக்கம், பேச்சைப் பதிவு செய்கிறதோ என்னவோ, கவிழ்ந்து கிடந்த கைப்பேசி. முதுகுக்குப் பின்னால் அக்காவின் மூச்சு. உதடுகள் ஒட்டிக்கொண்டன.

"ம்ஹூம்."

சொல்லளவில் அது உண்மை. அதைப்போல் ஒரு பொய்யை அவன் அதுவரை சொன்னதில்லை.

ஹமீது பாய் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னொருக்கா சொல்லு."

தமிழ்செல்வன் மேசைமேல் இருந்த பையைப் பார்த்தான்.

"சொல்லுலே! போன மழைக்கு ஒவ்வொரு நாளும் நான் கீழ நின்னு, ‘ஒட்டிருக்காலே?’ன்னு கேப்பேன். நீ மேல இருந்து ஒரு சத்தம் குடுப்ப. இதே சத்தந்தான். படியேறி வந்து பாக்கணும்னே அவசியமில்ல, எனக்கு வெளங்கிரும்." கண்ணாடியைத் துடைத்தார். "அங்கயும் ஒருத்தனுக்கு வெளங்கிருக்கு."

தமிழ்செல்வனின் தலை கவிழ்ந்தது. அதைவிடத் தெளிவான வாக்குமூலத்தை எந்த வக்கீலும் எழுதி வாங்கியிருக்க முடியாது.

"ஷகீலு, அக்காட்ட சாவியக் குடு."

"வாப்பா, இவனுக்கு நோட்டீஸ் விடணும். நாளைக்கே…"

"என்னன்னு எழுதுவ? எங்க ஆளு அங்க போயி ம்ஹூம்னுட்டான்னா? படிச்சவன்லா, எழுது பாப்போம்."

ஷகீல் சாவியை மேசையின் விளிம்பில் வைத்தான். பானுமதி கை நீட்டவில்லை.

"பூட்டிருந்த கதவு வழியாவே போயிருச்சே பாய். எனக்கு எதுக்குச் சாவி?"

"ஒனக்கில்ல தாயி, எனக்கு. எவராவது ஒருத்தர்ட்டக் குடுத்து நம்பணும்லா."

தமிழ்செல்வனுக்கு, அவர் தன்னைச் செருப்பால் அடித்திருக்கலாம் என்று தோன்றியது. வலி இன்ன இடம் என்றாவது தெரிந்திருக்கும்.

பானுமதி சாவியை நோக்கிக் கையைக் கொண்டுபோனபோது, தமிழ்செல்வனின் கைப்பேசி ஒலித்தது. பிரம்மநாயகம்.

"எடு" என்றார் பாய். "எல்லாருக்கும் கேக்குற மாதிரிப் போடு."

போட்டான்.

"தமிழ், தொந்தரவு பண்றேனா? காலைல சொன்னேனே, முதல் கேள்வி. கைப்பிடிக்கு முதல் பூச்சுல சாயத்தோட கொஞ்சம் பசை கலந்து பார்த்தா? ம்ஹூம்னா இப்பவே தள்ளிடறேன்."

பானுமதியின் கை சாவிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. பூட்டிய அறைக்குள் அவள் அன்றாடம் செய்துவந்தது அதையேதான். அறிந்த மூவரும் அங்கே இருந்தார்கள். நான்காவதாக ஷகீல், தகப்பனின் முகத்தைப் பார்த்து அந்தக் கணத்தில் அறிந்துகொண்டான்.

ஒரே ஒரு ம்ஹூம் போதும். இந்த ஒரு முறை பொய்யாக முனகிவிட்டால் பிரம்மநாயகம் பசையைத் தள்ளிவிடுவார், கைப்பிடிகள் வெடிக்கும், ஆர்டர் பட்டறைக்கே திரும்பும். தமிழ்செல்வன் பாயைப் பார்த்தான். செய் என்றோ செய்யாதே என்றோ அந்தக் கண்கள் சொல்லவில்லை. இவன் எப்படிப்பட்டவன் என்று பார்க்க மட்டும் காத்திருந்தன.

அந்த ஒலியே அவனுக்கு அருவருத்துப் போயிருந்தது. இனி மூடிய வாயால் எந்தக் காரியமும் வேண்டாம், நல்ல காரியமும் வேண்டாம் என்று தோன்றியது. வாயை நன்றாகத் திறந்தான்.

"சார், பாய் பட்டறையில பாத்த எதையும் இனிமே என்கிட்ட கேக்காதீங்க. நான் சொல்ல மாட்டேன்."

மார்பிலிருந்து ஒரு பாறை இறங்கியதுபோல் இருந்தது. பின்னாலிருந்து அக்காவின் கை அவன் முதுகைத் தொட்டது. ஹமீது பாய் மெல்லத் தலையசைத்தார்.

மறுமுனையில் பேனா முனையைத் தட்டும் ஓசை கேட்டது.

"சூட்டுக்கு உடனே ம்ஹூம் வந்தது" என்றார் பிரம்மநாயகம் நிதானமாக. "இதுக்கு மட்டும் வரலையே, தமிழ்." பிறகு அன்போடு சிரித்தார். "போதும். நாளைக்கு இதையே பண்ணிப் பார்த்துடலாம். தேங்க்ஸ்."

தொடர்பு அறுந்தது.

சாவி மேசை விளிம்பிலேயே கிடந்தது. தமிழ்செல்வன் திறந்த வாயை இன்னும் மூடவில்லை.